ஜெபக் கடிதத்தில் இடம்பெறாதவை: பணித்தளத்திலிருந்து திரும்பும் குடும்பங்களுக்கான முகாம், ஒரு மதிப்புரை

பிறமொழி பேசும் மக்களிடையே பல ஆண்டுகள் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பும் மிஷனரிக் குடும்பங்களுக்கென்றே நடத்தப்படும் ஐந்து நாள் தங்கல் முகாம் ஒன்றில் என் கணவரும் நானும், பதின்வயது மகளும், அவளுக்கு இளையவனான மகனும் அண்மையில் பங்கேற்றோம். முகாமின் பெயரையும் அது நடந்த இடத்தையும் இங்கே எழுதவில்லை. எங்களுடன் இருந்த குடும்பங்களில் சில, தாங்கள் பணிசெய்யும் நாடு எதுவென்று வெளியே தெரிந்தால் மறுபடியும் அங்கே போக முடியாத நிலையில் இருப்பவை என்பதால், யாரும் யாரையும் அடையாளம் காட்டுவதில்லை என்று முதல் நாளே எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தோம். இதே வகையான சேவையை இப்போது பல அமைப்புகள் நடத்திவருகின்றன. போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும், போவதற்கு முன் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அறிய விரும்புகிறவர்களுக்கும் இந்த மதிப்புரை உதவக்கூடும்.

இதை மருத்துவ சிகிச்சை என்றோ, ஊழியர்களை அனுப்பிய ஸ்தாபனம் நடத்தும் பணி மதிப்பீடு என்றோ எண்ணிக்கொண்டு போகக் கூடாது. பணித்தளத்தில் நடந்ததை, அதை அறிந்துகொள்ள விரும்பும் ஒருவரிடம், நேரத்தைப் பற்றிய கவலை இல்லாமல், குடும்பமாகவும் தனித்தனியாகவும் சொல்லி முடிப்பதற்கான ஏற்பாடு இது. அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரத்தின் முடிவில் பவுலும் பர்னபாவும் தங்களை அனுப்பிய அந்தியோகியாவுக்குத் திரும்பி வந்து, சபையைக் கூடிவரச் செய்து, நடந்தவற்றை அறிவித்து, அங்கே சீஷர்களோடு அநேக நாள் தங்கியிருந்தார்கள் என்று வாசிக்கிறோம். முகாமை நடத்துகிறவர்கள் தங்கள் வேலைக்கு இந்தப் பகுதியைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அறிவிக்கும் பாதியை நம் சபைகள் ஒரு ஞாயிறு ஆராதனையில், அறிவிப்புகளுக்கும் காணிக்கைக்கும் இடையில், முடித்துவிடுகின்றன. தங்கியிருக்கும் பாதிக்குத்தான் யாரிடமும் நேரம் இருப்பதில்லை.

பதிவுப் படிவத்தைப் பார்த்தபோதே எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. இத்தகைய படிவங்களில் வழக்கமாகக் கணவருக்கு ஒரு பக்கமும், மனைவிக்கு அதன் அடியில் இரண்டு வரியும், பிள்ளைகளுக்குப் பெயர், வயது என்ற இரண்டு கட்டங்களும் ஒதுக்கப்பட்டிருக்கும். இங்கே நால்வருக்கும் தனித்தனிப் படிவம் வந்தது. என்னுடையதில் ‘மிஷனரியின் மனைவி’ என்ற சொல்லே இல்லை. நீங்கள் செய்த வேலைகள் எவை, அவற்றில் எதற்கெல்லாம் உங்களுக்குப் பயிற்சி தரப்பட்டது, எவை தாமாக உங்கள் தலையில் வந்து விழுந்தன என்று மூன்று கேள்விகள் இருந்தன. மூன்றாவது கேள்விக்குத் தனித்தாள் வைத்து எழுத வேண்டியதாயிற்று. மகனுடைய படிவம் அவன் விட்டுவந்த மூன்று பொருட்களையும் மூன்று பேரையும் எழுதச் சொன்னது. மூன்று பேர் என்ற பட்டியலில் அவன் இரண்டு நண்பர்களையும், நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்புறம் நின்ற ஒரு மரத்தையும் எழுதியிருந்தான். அதை யாரும் திருத்தச் சொல்லவில்லை.

முகாமின் உயிர்நாடி என்று நான் கருதுவது, இரண்டாம் நாள் முழுவதையும் எடுத்துக்கொண்ட ஜெபக் கடிதப் பயிற்சியை. பணித்தளத்திலிருந்து ஆதரவாளர்களுக்கு அனுப்பிய பழைய ஜெபக் கடிதங்களை அச்செடுத்துக் கொண்டுவரும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவற்றை முதலில் குடும்பமாக உட்கார்ந்து உரக்க வாசிக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தமக்குக் கொடுக்கப்பட்ட நிற மையால், அந்தக் கடிதம் எழுதப்பட்ட மாதத்தில் தமக்கு நேர்ந்ததைத் தாளின் ஓரத்தில் எழுத வேண்டும். விதி இவ்வளவுதான்.

ஜெபக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு இதன் ஆழம் உடனே விளங்கும். ஜெபக் கடிதம் பொய் சொல்வதில்லை. ஆனால் அதற்கென்று ஓர் அமைப்பு உண்டு. ஸ்தோத்திரக் குறிப்புகள், விண்ணப்பக் குறிப்புகள், ஒரு சாட்சி, ஒரு புகைப்படம். கஷ்டமும் அதில் வரும், ஆனால் எப்போதும் கடந்துவந்துவிட்ட கஷ்டமாகவே வரும். வாசிக்கிறவர்கள் காணிக்கை அனுப்புகிறவர்கள், ஆகவே அவர்கள் மனம் தளர்ந்துவிடக் கூடாது. பணித்தளத்து விசுவாசி ஒருவர் கையில் கிடைத்தால் அவர் மனம் புண்படக் கூடாது. அதிகாரி எவர் கண்ணிலாவது பட்டால் விசாவுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது. இத்தனை பேர் கண்ணையும் மனத்தில் வைத்து எழுதப்படும் கடிதத்தில், முடிவு தெரியாத ஒரு துயரத்துக்கு எப்படி இடம் கிடைக்கும்?

எங்கள் முதல் ஆண்டுக் கடிதம் ஒன்றில், ‘பிள்ளைகள் புதிய சூழலுக்கு நன்கு பழகிவிட்டார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்’ என்று ஒரு வரி இருந்தது. மகள் பச்சை மையால் அதன்கீழ் கோடிட்டு, ‘அந்த மாதம் வகுப்பில் யாரும் என்னோடு பேசவில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்கத் தெரியாததால் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போனேன்’ என்று எழுதினாள். குற்றஞ்சாட்டும் எண்ணம் எதுவும் அதில் இல்லை. எழுதிவிட்டு அடுத்த தாளைப் புரட்டிவிட்டாள். அதே கடிதத்தின் மறு ஓரத்தில் என் கணவர் நீல மையால் எழுதியிருந்தது இது: ‘மொழி வகுப்பில் எனக்குப் பாதி வயதுகூட இல்லாத ஆசிரியர், சிறு பிள்ளைகளின் பாடநூலில் ஒரே பக்கத்தை மூன்று வாரமாக என்னை வாசிக்க வைத்தார். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் தெருமுனையில் நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டு வருவேன்.’ மகள் அதை வாசித்துவிட்டு, “அப்பா, நீங்களுமா?” என்று கேட்டாள். ஒரே வீட்டில், ஒரே மாதத்தில், ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதற்காக இரண்டு பேர் மறைத்துக்கொண்டிருந்தது எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் வழிநடத்துநர் செய்ததைக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் சேவையின் தரம் இதில்தான் தெரிகிறது. அவர் ஜெபிக்க அவசரப்படவில்லை. வசனம் சொல்லி முடித்துவைக்கவும் இல்லை. இதை வேறு யாராவது வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறாயா என்று மகளிடம் கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். அந்தத் தாள் அவளிடமே கொடுக்கப்பட்டது. அன்றிரவு ஆராதனையில் 88ஆம் சங்கீதம் வாசிக்கப்பட்டது. இருளில் முடிகிற அந்தச் சங்கீதத்துக்குப் பின்னால் ஆறுதலான மற்றொரு சங்கீதத்தைச் சேர்த்துக்கொள்வது நம் வழக்கம். அவர்கள் சேர்க்கவில்லை. பாட்டும் இல்லாமல் எல்லாரும் எழுந்து படுக்கப் போனோம். சிலருக்கு இது பிடிக்கவில்லை என்று மறுநாள் தெரிந்தது. எனக்கு இது மிகவும் பொருத்தமாகப் பட்டது.

சிறு பிள்ளைகளுக்கான பகுதி சிறப்பாக நடந்தது. தரையில் நீண்ட கயிற்றை விரித்து, பிறந்த நாள்முதல் இன்றுவரை தங்களுக்கு நடந்தவற்றில் இனியவற்றுக்குப் பூவையும் கசப்பானவற்றுக்குக் கல்லையும் வைக்கச் சொன்னார்கள். போரிலும் இடப்பெயர்விலும் சிக்கியவர்களுக்கு உளவியலாளர்கள் பயன்படுத்தும் முறையிலிருந்து எடுத்தது இது. மகன் விமானம் ஏறிய இடத்தில் பூவையும் கல்லையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அவனை வற்புறுத்தாமல், அப்படியே புகைப்படம் எடுத்துக் கொடுத்தார்கள்.

பதின்வயதினருக்கான பகுதி இந்த அளவுக்கு இல்லை. பெற்றோரின் நாட்டுக்கும் தாங்கள் வளர்ந்த நாட்டுக்கும் இடையில், இரண்டையும் முழுமையாகச் சேராத ஒரு மூன்றாம் இடத்தில் வளரும் பிள்ளைகளை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று அழைக்கிறார்கள். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்த ரூத் யூசீம் என்ற சமூகவியலாளர் வழங்கிய பெயர் அது. இந்தக் கருத்தை வைத்து இரண்டு நாள் வகுப்பெடுத்தார்கள். நல்ல கருத்துதான்; ஆனால் என் மகள் அவற்றில் மூன்றாவது அமர்வின் முடிவில், “நான் யார் என்று எனக்கு ஓர் ஆராய்ச்சியைக் காட்டிச் சொல்லித்தருகிறார்கள், என்னை யாரும் கேட்கவில்லை” என்று சொன்னாள். அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் குறைவாகவும், தங்களைப்போன்ற பிற பிள்ளைகளோடு சும்மா இருக்கும் நேரம் அதிகமாகவும் வேண்டும். முகாமில் அவள் இப்போதும் நினைத்துப் பார்ப்பது, வகுப்புகள் முடிந்தபின் வேறொரு குடும்பத்துப் பெண்ணோடு மாடிப்படியில் உட்கார்ந்து பேசிய பேச்சை மட்டுமே. அந்தப் பேச்சு எந்த அட்டவணையிலும் இல்லை.

மன அழுத்தம் பற்றிய வகுப்பில், தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற மனநல மருத்துவர்கள் 1967இல் வெளியிட்ட அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்களுக்கு அது மதிப்பெண் தருகிறது. துணையின் மரணத்துக்கு 100 என்பது உச்சம். ஓராண்டில் ஒருவருக்கு நேர்ந்தவற்றைக் கூட்டினால் 300ஐத் தாண்டும்போது நோய்வாய்ப்படும் வாய்ப்பு மிகவும் கூடும் என்பது அதன் கணிப்பு. வேலையின் தன்மை மாறினால் 36, வாழ்க்கைச் சூழல் மாறினால் 25, அன்றாடப் பழக்கங்கள் மாறினால் 24, வீடு மாறினால் 20, பள்ளி மாறினால் 20, சபைச் செயல்பாடுகள் மாறினால் 19, பிறரோடு பழகும் வட்டம் மாறினால் 18, உணவுப் பழக்கம் மாறினால் 15. ஒரு மிஷனரிக் குடும்பம் விமானம் ஏறி இறங்கும் ஒரே வாரத்தில் இவை எட்டும் சேர்ந்து நிகழ்கின்றன. கூட்டினால் 177 வருகிறது. நோய், மரணம், கலவரம், பணமுடை எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. ‘எல்லாரும் சமாளிக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை’ என்று தன்னைத்தானே நொந்துகொள்ளும் ஊழியருக்கு இந்தக் கூட்டல் ஒரு விடுதலை. ஆனால் இந்தப் பட்டியலை வேதவாக்கியம் போலப் பயன்படுத்தியதில் எனக்கு உடன்பாடில்லை. நெருங்கிய நண்பரின் மரணத்துக்கு அதில் 37 உண்டு. உயிரோடு இருக்கும் தோழியை இனி ஒருபோதும் பார்க்கப்போவதில்லை என்பதற்கு எண் எதுவும் இல்லை. எங்கள் மேசையில் இருந்த எல்லாப் பிள்ளைகளுடைய துயரமும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் மாலை, மிஷனரி வரலாற்றைக் குடும்பங்களின் பக்கத்திலிருந்து சொன்னார்கள். இந்த ஒரு மாலைக்காகவே மீண்டும் போவேன். வங்காளத்தில் வேதாகமத்தை மொழிபெயர்த்த வில்லியம் கேரியின் வாழ்க்கையைக் கேட்டு வளராத மிஷனரி இல்லை. அவருடைய மனைவி டாரதியைப் பற்றி நாங்கள் கேட்டிருந்ததெல்லாம் ‘மனநலம் குன்றியவர்’ என்ற ஒரே சொற்றொடர். டாரதி முதலில் புறப்பட மறுத்தார். அப்போது அவர் கர்ப்பிணி. முதல் கப்பலில் கேரியால் பயணம் செய்ய முடியாமல் போனபின், குழந்தையும் பிறந்துவிட்ட நிலையில், தம் சகோதரி கேத்தரின் உடன்வருவதானால் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். 1793 ஜூனில் கப்பல் புறப்பட்டது. வங்காளம் சேர்ந்த சிறிது காலத்தில் அந்தச் சகோதரி திருமணமாகிப் பிரிந்தார். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதற்கடுத்த ஆண்டில் டாரதியின் மனம் சிதைந்தது. 1807இல் இறக்கும்வரை அது சீராகவில்லை. வரிசைப்படுத்திச் சொன்னபோது, அறையில் இருந்த பெண்களில் ஒருவராவது அந்த வரிசையின் ஏதோ ஒரு கட்டத்தில் தம்மைக் காணாமல் இருந்திருக்கமாட்டார். கேரியின் மொழிபெயர்ப்புப் பணியைக் குறைத்துப் பேசாமலும், டாரதியை அதற்குக் கொடுத்த விலையாகக் கணக்குப் பார்க்காமலும் சொன்னது அந்தப் பேச்சாளரின் திறமை.

எரிக் லிடெல் பற்றியும் பேசினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர், ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்தவர் என்று ஞாயிறு பள்ளியில் எல்லாரும் அறிந்தவர். அவரே சீனாவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, சிறுவயதில் இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் விடப்பட்ட பிள்ளை. பின்னர் சீனாவில் தாமும் மிஷனரியாகி, போர் நெருங்கிய 1941இல் கர்ப்பிணியான மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். 1945 பிப்ரவரியில் ஜப்பானியரின் வெய்சியன் தடுப்பு முகாமில் மூளைக் கட்டியால் இறந்தார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. அதே தடுப்பு முகாமில், மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகச் சீன உள்நாட்டு மிஷன் 1881இல் தொடங்கிய சீஃபூ பள்ளியின் மாணவர்களும் அடைக்கப்பட்டிருந்தார்கள். பெற்றோரை ஆண்டுக்கணக்கில் பார்க்காத அந்தப் பிள்ளைகளை அவர் கவனித்துக்கொண்டார். ஊழியத்துக்காகப் பிள்ளைகளை விடுதியில் விடுவது சரியா என்ற கேள்விக்கு முகாம் ஒரு விடை சொல்லவில்லை. விட்டவர்களும் விடாதவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க, அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சொந்த நாட்டுக்குத் திரும்புவதன் அதிர்ச்சி பற்றிய வகுப்பு சுமாராக இருந்தது. போகும்போது மனநிலை சரிந்து எழுவதைப்போலத் திரும்பும்போதும் மறுபடியும் சரிந்து எழும் என்ற 1963ஆம் ஆண்டு ஆய்வின் வரைபடத்தைக் காட்டினார்கள். எவ்வளவு காலத்தில் எழும் என்று சொல்ல அந்த வரைபடத்தால் முடியாது. அதைவிட, பர்மாவில் பணிசெய்த அதோனிராம் ஜட்சன் பற்றிய ஓர் இடைச்செய்தி மனத்தில் நின்றது. 1812இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட அவர் முதன்முறையாகத் திரும்பியது 1845இல், 33 ஆண்டுகள் கழித்து. வழியில் மனைவி சாரா செயின்ட் ஹெலினா தீவில் இறந்தார். தொண்டைக் கோளாறால் ஜட்சனுடைய குரல் அவ்வளவு மெலிந்திருந்ததால், அவர் மெதுவாகச் சொன்னதை வேறொருவர் கூட்டத்துக்கு உரத்த குரலில் திருப்பிச் சொன்னார். திரும்பி வந்தபின் சபை சபையாகப் போய்ப் பேசிய எந்த ஊழியருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

கணவன் மனைவிக்கான தனிச் சந்திப்புகள் பயனுள்ளவை. அங்கே பேசியவற்றை எழுதுவதற்கில்லை.

என் கணவர் தம் பங்குக்கு இந்த முகாமில் மிகவும் மதித்தது, ‘விடை சொல்ல முடியாத கேள்விகள்’ என்ற ஒரு மணிநேர அமர்வை. பணித்தளத்து மக்கள் கேட்டு, நாம் விடை தராமல் விட்ட கேள்விகளை அதில் பட்டியலிட வேண்டும். ஒரு தாய் தன் குழந்தையின் காய்ச்சலை யார் ஏவிவிட்டது என்று என் கணவரிடம் கேட்டிருக்கிறார். அவரிடம் இருந்தது மாத்திரையும், உன்னதமான தேவனைப் பற்றிய போதனையும்தான். இரண்டுக்கும் நடுவில் நின்ற கேள்விக்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. மிஷனரி மானிடவியலாளர் பால் ஹீபர்ட் 1982இல் இதைப் பற்றித்தான் எழுதினார். கண்ணுக்குத் தெரியும் உலகத்துக்கு அறிவியலும், எட்டாத உலகத்துக்குச் சமயமும் என்று பிரித்துவைத்துக்கொண்ட மேற்கத்தியக் கல்வியில் பயின்றவர்கள், ஆவிகளும் முன்னோர்களும் சாபங்களும் நிறைந்த நடு உலகத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய வாதம். மொழியைக் கற்றுவிட்டால் பண்பாட்டைக் கடந்துவிட்டோம் என்று நினைக்கும் ஊழியருக்கு, தாம் இன்னும் கடக்காமல் நிற்கும் இடத்தை இந்த அமர்வு காட்டிவிடுகிறது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, விளம்பரத் தாளில் ‘உள்ளான காயங்கள் ஆறும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதிர்ச்சிக்குள்ளானவர்களைக் கூட்டி நடந்ததைப் பேசவைக்கும் முறையை 1983இல் ஜெஃப்ரி மிட்செல் மீட்புப் பணியாளர்களுக்காக அறிமுகப்படுத்தியபோது அதன்மீது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் ஒரே அமர்வில் அப்படிப் பேசவைப்பது பிற்கால மனப்பாதிப்பைத் தடுப்பதற்குச் சான்று இல்லை என்றும், கட்டாயமாகச் செய்வதை நிறுத்த வேண்டும் என்றும் 2002இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு முடிவுசெய்தது. இந்த முகாம் ஒரே அமர்வு அல்ல, அதே முறையும் அல்ல. ஆனாலும், குண்டுவெடிப்பையோ வன்முறையையோ கடத்தலையோ கண்டுவந்தவர்களுக்கு இது போதும் என்ற எண்ணத்தை அந்தத் தாள் உண்டாக்குகிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தகுதிபெற்ற மருத்துவர் வேண்டும். முகாம் அதற்குப் பிறகு இருக்கட்டும். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டாம் நாளே ஜெபக் கடிதப் பயிற்சியிலிருந்து எழுந்து போய்விட்டார். அவரைப் பின்தொடர்ந்து போய்ப் பேச ஆள் இருந்தது நல்லது. அவரை முன்கூட்டியே கண்டறியும் கேள்வி படிவத்தில் இல்லாதது நல்லதல்ல.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. எங்கள் கட்டணத்தை எங்களை அனுப்பிய ஸ்தாபனம் செலுத்தியது. பெரும்பாலோருக்கும் அப்படித்தான். பணித்தளத்தை விட்டு வருகிறவர்களைக் கேட்டால், அங்குள்ள மக்களாலோ தட்பவெப்பத்தாலோ மனம் உடைந்தவர்களைவிட, உடன் ஊழியராலும் தலைமையாலும் உடைந்தவர்கள் அதிகம் என்று மிஷனரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். முகாமில் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் வழிநடத்துநர்கள் மென்மையாக வேறு திசைக்குத் திருப்பிவிட்டார்கள். மன்னிப்பு பற்றிய வகுப்பு உண்டு. அநியாயம் நடந்தால் யாரிடம் முறையிடுவது என்ற வகுப்பு இல்லை. ஊழியர்களுக்குள் மனஸ்தாபம் என்றால் உடனே மன்னிப்பைப் போதிப்பது நம்மிடையே நன்றாக வேரூன்றிய வழக்கம். ஆனால் பவுலும் பர்னபாவும் உடன் ஊழியனான மாற்குவை முன்னிட்டுக் கடுங்கோபத்தோடு பிரிந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் மறைக்கவில்லை. முகாம் 14ஆம் அதிகாரத்தோடு நின்றுவிட்டது.

இதோடு சேர்ந்ததுதான் அறிக்கை பற்றிய குழப்பம். பேசுவது வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தார்கள், அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் கடைசி நாளில், ‘இந்தக் குடும்பம் மீண்டும் பணித்தளம் செல்ல ஆயத்தமாக உள்ளதா’ என்ற ஒரு வரிக் குறிப்பு ஸ்தாபனத்துக்குப் போகும் என்று சொன்னார்கள். அது ஒரு வரியாக இருந்தாலும், அந்த வரியின்மீது ஒருவருடைய பிழைப்பும் அழைப்பும் தொங்குகின்றன. இதை முதல் நாள் சொல்லியிருந்தால் எங்களில் சிலர் வேறுவிதமாகப் பேசியிருப்பார்கள். சொல்லாமல் விட்டதற்கும் அதுதான் காரணமாக இருந்திருக்கலாம். அப்படியானால் அது இன்னும் தவறு.

மற்றொன்று, இது முகாமைவிட நம் எல்லாருக்கும் பொருந்தும் குறை. ஐந்து நாளும் நாங்கள் இழந்ததைப் பற்றியே பேசினோம். நாங்கள் புறப்பட்டு வந்ததால் அங்கே இழந்தவர்கள் யார் என்ற கேள்வி ஒருமுறைகூட எழவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகளை வளர்க்க உதவிய பெண்மணி, என் கணவருக்கு மொழி கற்பித்த அந்த இளம் ஆசிரியர், சபையில் பொறுப்பேற்றவர் ஆகியோர் எங்கள் வருகையையும் போக்கையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டு, பணித்தளத்து விசுவாசி ஒருவரையே ஓர் அமர்வை நடத்த அழைத்திருக்கலாம். எங்களைப் பற்றிய ஜெபக் கடிதத்தை அவர்கள் எழுதினால் அதில் என்ன இருக்கும் என்று அறிய எனக்கு உண்மையிலேயே ஆவல்.

பின்தொடர்தல் பலவீனமானது. மூன்று மாதத்தில் அழைப்பதாகச் சொன்னவர்கள் அழைக்கவில்லை; நாங்கள் எழுதியபின் மன்னிப்புக் கேட்டு ஒரு நீண்ட, அக்கறையான பதில் வந்தது. பதின்வயதினர் பகுதியை மாற்றியமைப்பது பற்றி எங்கள் மகளிடமே கருத்துக் கேட்டிருந்தார்கள். அவள் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். வகுப்புகளைப் பாதியாக்க வேண்டும் என்பது முதல் வரி.

போக நினைப்பவர்கள் திரும்பிய உடனே போகாமல், பெட்டிகள் பிரிக்கப்பட்டு, சபைக் கூட்டங்களின் முதல் சுற்று முடிந்து, ‘எப்போது திரும்பிப் போகிறீர்கள்’ என்ற கேள்வி எரிச்சலூட்டத் தொடங்கும் காலத்தில் போவது நல்லது. பயணக் களைப்பிலேயே வந்திருந்த குடும்பம் ஒன்று பாதி வகுப்புகளில் தூங்கியது. கணவர் மட்டும் போய்வரலாம் என்று ஸ்தாபனம் சொன்னால், அந்தச் செலவுக்கு இது தகாது. குடும்பம் முழுவதும் போக முடியும்வரை காத்திருங்கள். ஜெபக் கடிதங்களை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், ஆண்டறிக்கைகள் வேண்டாம். பதிவுசெய்வதற்கு முன்பே மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெறுங்கள்: ஸ்தாபனத்துக்கு எந்த வடிவிலாவது குறிப்பு போகுமா, போனால் அதை முதலில் நமக்குக் காட்டுவார்களா, வழிநடத்துநர்களில் மனநலப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர். முதல் இரண்டு கேள்விகளுக்கு மழுப்பலான விடை வந்தால் வேறு முகாமைத் தேடுவது நல்லது. மூன்றாவது கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை ஒருவர் என்பது. அன்றைய குடும்பங்களின் எண்ணிக்கைக்கு அது போதவில்லை.